கொத்தடிமைக் கண்காணிப்புக் குழு: நாம் அறிந்திருக்க வேண்டியவை

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களே,



நம் மருத்துவமனையின் ஏழை நோயாளர் நிதியைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் சகோதரர் ஒருவர் இங்கிலாந்தில் குடியிருக்கிறார். நம் ஊர்க்காரர். அவர் செல்லும் சபையில் இன நீதிக்கென்று ஒரு ஆலோசனைக் குழு அமைத்து, அவரையும் அதில் ஓர் அங்கத்தினராகச் சேர்த்திருக்கிறார்களாம். இங்கிலாந்துத் திருச்சபையும் 2021ஆம் ஆண்டில் பால் போட்டெங் பிரபுவின் தலைமையில் இதற்கென்று ஓர் ஆணையத்தையே அமைத்து, சில ஆண்டுகள் இக்காரியத்தை ஆராய்ந்தது. இதையெல்லாம் எழுதிவிட்டு, கடிதத்தின் கடைசியில் அவர் கேட்டிருந்தார்: "ஐயா, வெள்ளையர் கறுப்பர் என்ற பேதம் நம் காஞ்சிபுரத்தில் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட குழுவுக்கு அங்கே வேலை இல்லைதானே?"

அவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன். ஆனால் இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சாதி என்பது இனம்தானா என்ற வாதம் பழையது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய இனவெறிக்கு எதிரான மாநாட்டில், சாதியையும் பேச வேண்டுமென்று தலித் அமைப்புகள் கேட்டன. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு, 2002இல், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்துவதில் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. அறிஞர்கள் இதை இன்னும் வாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வார்டில் படுத்திருக்கும் ஏழைக்கு அந்த வாதத்தின் முடிவு அவசரமானதல்ல. அவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதைக்கொண்டே அவர் எந்த வேலைக்குப் போவார், யாரிடம் கடன் வாங்குவார், அந்தக் கடனை எப்படி அடைப்பார் என்பதெல்லாம் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

குழுவுக்கு வருகிறேன். நம் நாட்டில் இப்படிப்பட்ட குழு சபையின் நல்லெண்ணத்தினால் அமைவதல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன்கீழ் 1995இல் வகுத்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, வழக்குகளின் நிலையையும் நிவாரணத்தையும் பார்வையிட வேண்டும். இது ஓரளவு பலருக்கும் தெரியும். மற்றொன்று, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அமையும் கண்காணிப்புக் குழு. இதைப் பற்றி நம் சபையாரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். நானே பல ஆண்டுகள் ஊழியம் செய்த பின்புதான் அறிந்துகொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கொத்தடிமை என்றவுடன் சங்கிலியும் சவுக்கும் நினைவுக்கு வரும். நம் பகுதியில் அதன் பெயர் "அட்வான்ஸ்". நான் வார்டில் படுக்கை படுக்கையாகச் சென்று பேசும்போது, "செலவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கினோம் ஐயா" என்ற பதில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. பிரசவம், ஆபரேஷன், அடக்கச் செலவு, கல்யாணம் இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாயிருக்கும். பணத்தைக் கொடுத்தவர் அரிசி ஆலைக்காரராகவோ, சூளைக்காரராகவோ, மரம் வெட்டும் காண்டிராக்டராகவோ இருப்பார். பணம் தீரும்வரை குடும்பத்தோடு அவரிடமே வேலை செய்யவேண்டும். கூலியில் எவ்வளவு பிடித்தார், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அவருடைய நோட்டுப் புத்தகத்துக்குத்தான் தெரியும். வேலை செய்கிறவருக்கு எழுத்து தெரியாது.

பிள்ளையார்பாளையத்திலும் அட்வான்ஸ் உண்டு. இங்கே நான் கவனமாக எழுதவேண்டியிருக்கிறது. கைத்தறியில் நெசவாளி முதலாளியிடம் முன்பணம் வாங்குவது காலங்காலமாய் உள்ள வழக்கம். பாவும் ஜரிகையும் முதலாளி தருவார், நெசவாளி கூலிக்கு நெய்வார், நடுவில் முன்பணமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நெசவாளி வேறொரு முதலாளியிடமோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாறிச் செல்ல முடிகிறது என்றால் அதைக் கடன் என்றுதான் சொல்லவேண்டும், கொத்தடிமை என்று சொல்லக்கூடாது. இந்தத் தெருக்களில் எனக்கு நல்ல நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் புண்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகளின் காரியம் வேறாயிருந்தது. கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலையை நெய்ய, நெசவாளிக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளவேண்டும். அந்த இடத்தில் பல ஆண்டுகள் சிறு பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். தகப்பன் வாங்கிய சில ஆயிரத்துக்காகப் பிள்ளை தறியில் உட்காரும், பள்ளிக்கூடம் போகாது. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேயர் காலத்தில், ஒரு சட்டம் வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2003 ஜனவரியில், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் பிணைப்பட்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்நாட்களில் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் பாடுபட்டதினால் தறியில் பிள்ளைகளைக் காண்பது இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். தறிகளும் குறைந்துவிட்டன என்பதையும் மறக்கக்கூடாது.

இன்று இந்தக் கண்ணியில் அதிகம் அகப்படுகிறவர்கள் இருளர்கள். இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்து வருகிறவருக்கு மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கப் பாம்பு விஷம் வேண்டும். நம் நாட்டில் அந்த விஷத்தின் பெரும்பகுதி வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து செல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்று, அவர்கள் பிழைப்பு போயிற்று. 1978இல் அந்தச் சங்கம் அமைந்தது. ஆனால் சங்கத்தில் சேர முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காடும் இல்லை, நிலமும் இல்லை என்றான மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் சூளைக்கும் மரம் வெட்டவும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். பாம்பு கடித்த நம் விவசாயிகளின் உயிரைக் காக்கும் மருந்து எந்தச் சனத்தின் கையிலிருந்து வருகிறதோ, அந்தச் சனம்தான் ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது.

ஆயிரம் ரூபாய் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2019 ஜூலை மாதம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அப்போதைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படத்தைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருக்கலாம். அவர் வாங்கிய கடன் ஆயிரம் ரூபாய். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தும் கடன் தீரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன் பிறகு யோசித்தபோது வேறொன்று மனதை உறுத்தியது. சட்டப்படி அவருக்கு உரியதைத்தான் அதிகாரி கொடுத்தார். அதற்கு ஏன் அவர் காலில் விழவேண்டியிருந்தது?

சட்டம் சொல்வது மிகவும் தெளிவானது. முன்பணம் வாங்கிய காரணத்தினால் ஒருவர் தான் விரும்பிய இடத்துக்குப் போக முடியாவிட்டால், அல்லது வேறு வேலைக்கு மாற முடியாவிட்டால், அல்லது குறைந்தபட்சக் கூலி கிடைக்காவிட்டால், அவர் கொத்தடிமைத் தொழிலாளர். பூட்டி வைத்திருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. அந்தக் கடன் அப்போதே ஒழிந்துபோகிறது. ஒரு பைசாவும் திருப்பித் தரவேண்டியதில்லை. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சேர்ந்தது. எழுத்தறியாத ஏழைக்கு நோட்டுப் புத்தகக்காரரோடு வாதாட முடியாது என்பதை யாரோ இரக்கமுள்ளவர் உணர்ந்து எழுதியிருக்கிறார். 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு இதை இன்னும் பலப்படுத்தியது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளரைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. அதையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஒருவர் கட்டாயத்தின்பேரில் உழைக்கிறார் என்று தெரிந்தால், அவர் முன்பணத்துக்காகவே உழைக்கிறார் என்று கொள்ளவேண்டும் என்று கூறியது.

இப்போது குழுவின் நாற்காலிகளைப் பாருங்கள். மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர், அல்லது அவர் நியமிப்பவர், தலைவர். தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினரைச் சேர்ந்த, அந்த மாவட்டத்திலேயே வசிக்கும் மூன்று பேர். சமூக சேவகர் இருவர். ஊரக வளர்ச்சியோடு தொடர்புடைய அமைப்புகளிலிருந்து மூன்று பேருக்கு மேற்படாமல். வங்கி, கடன் நிறுவனங்களின் சார்பில் ஒருவர். உட்கோட்டத்துக்கும், அதாவது சப்-கலெக்டர் அல்லது கோட்டாட்சியரின் எல்லைக்கும், இதேபோன்ற குழு ஒன்று உண்டு. சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆட்சியருக்கு ஆலோசனை கூறுவதுதான் இக்குழுவின் முதல் வேலை. ஆகவே இங்கிலாந்து நண்பருடைய குழுவைப்போல இதுவும் ஆலோசனைக் குழுவே. ஆனால் வேறு வேலைகளும் உண்டு. எங்கே கொத்தடிமைகள் இருக்கிறார்கள் என்று ஆய்வு செய்யவேண்டும். விடுதலையானவர்களுக்குப் பிழைப்பு ஏற்படுத்த வேண்டும். வங்கியும் கூட்டுறவு சங்கமும் அவர்களுக்குக் கடன் தரும்படி செய்யவேண்டும். பழைய முதலாளி கடனைக் கேட்டு வழக்குப் போட்டால், தொழிலாளியின் சார்பில் குழுவே நின்று வழக்காட வேண்டும். விடுதலையானவர் பெயர், அவர் இன்று செய்யும் தொழில், வருமானம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும்.

வங்கிக்காரருக்கு ஏன் ஒரு நாற்காலி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. விடுதலையான குடும்பத்துக்கு அடுத்த மாதமே காய்ச்சல் வரும், பிரசவம் வரும். அப்போது ஐந்தாயிரம் ரூபாய் தர வேறு யாரும் இல்லாவிட்டால் அவர்கள் பழைய முதலாளியிடமே, அல்லது அவருடைய மைத்துனரிடம், போய் நிற்பார்கள். சட்டத்தை எழுதியவர்கள் இதை முன்னறிந்திருந்தார்கள்.

ஆனாலும் என் மனதில் முக்கியமானவை அந்த மூன்று நாற்காலிகள்தான். இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயரவர்களும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயரவர்களும் இந்தப் பகுதிக் கிராமங்களில் ஊழியம் செய்தபோது, சேரி மக்கள் குடியிருக்கும் மண்கூட அவர்களுடையதல்ல என்பதைக் கண்டு அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1891இல் ஜில்லா கலெக்டர் டிரெமன்ஹீர், பறையர் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். பண்ணையில் பரம்பரையாய் உழைக்கும் படியாள் முறையை அதில் விவரித்தார். 1892இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. மிஷனரிகளுக்காகவும் கலெக்டருக்காகவும் நாம் நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் அம்மக்களுக்காகப் பிறர் பேசினார்கள். அவர்களே உட்கார்ந்து பேச ஒரு மேசை இல்லை. கொடுக்கப்பட்ட நிலங்களில் ஏராளமானவை பிற்காலத்தில் மற்றவர் கைக்குப் போய்விட்டன என்பதும் உங்களுக்குத் தெரியும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நாற்காலி போட்டது.

அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கத்தினரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். காலம் முடிந்ததும் புதியவரை நியமிக்காமல் விட்டால் குழு காகிதத்தில் மட்டும் இருக்கும். நாட்டின் பல மாவட்டங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் அமலாவதைக் கண்காணிக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையத்தைப் பணித்ததும், நம் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு வழக்கில்தான். குழு கூடினாலும், எதற்கும் தலையாட்டுகிற ஒருவரை அமர்த்திவிட்டால், "எங்கள் மாவட்டத்தில் கொத்தடிமைகள் இல்லை" என்ற ஒரு வரியோடு கூட்டம் முடிந்துவிடும். அட்வான்ஸ் என்றால் என்னவென்று தன் வீட்டில் அனுபவித்த ஒருவர் அங்கே இருந்தால் அந்த வரியை எழுதுவது கடினம். நம் மாநிலத்தில் விடுதலையான தொழிலாளர்கள் தாங்களே சங்கமாய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் மீட்கப்படும்போது உடன் சென்று தைரியம் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்டவர்களை இந்த இடங்களுக்கு நியமிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சமூக சேவகருக்கு இரண்டு இடம் உண்டு என்றேன். சபையார் சிலர் இதைக் கேட்டதும், "நம் ஆயர்களில் ஒருவரைப் போடச் சொல்லலாமே" என்றார்கள். சொல்லலாம். ஆனால் அதற்கு முன் நம் கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெகேமியாவின் புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பஞ்சத்தில் தானியத்துக்காகப் பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்த ஜனங்கள் முறையிடுகிறார்கள். அவர்களை அடிமை கொண்டவர்கள் அந்நியர் அல்ல, அவர்களுடைய சொந்தச் சகோதரர். நெகேமியா சபையைக் கூட்டி அவர்களைக் கடிந்துகொள்ளும்போது, தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. நம் சபைகளிலும் ஆலையும் சூளையும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடப் பாகம் பிரித்த ஊர்கள் இருக்கின்றன. இதை எழுதுவதால் சிலர் வருத்தப்படலாம்; என்னை மன்னியுங்கள்.

மீட்டபின் என்ன என்று கேட்பீர்கள். சப்-கலெக்டர் அல்லது கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் ஒன்று தருவார். அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி எதுவும் கிடைக்காது. 1978இல் மறுவாழ்வுத் தொகை 4,000 ரூபாயாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் 20,000 ஆயிற்று. 2016ஆம் ஆண்டின் திட்டப்படி வயதுவந்த ஆணுக்கு ஒரு இலட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு இலட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று இலட்சம். உடனடி உதவியாக முதலில் 20,000 என்றிருந்தது, பின்பு 30,000 வரை என்று உயர்ந்தது. ஆனால் முழுத் தொகை கிடைப்பதை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதை விசாரிப்பதும் இந்தக் குழுவின் வேலையே. திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில் விடுதலையான இருளர் குடும்பங்கள், மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு "சிறகு" என்ற பெயரில் செங்கல் சூளை நடத்துகிறார்கள். எந்தச் சூளையில் அடிமையாயிருந்து கற்றார்களோ அதே தொழிலை இப்போது சொந்தமாகச் செய்கிறார்கள்.

நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை இப்போது உணர்ந்திருப்பீர்கள். மருத்துவச் செலவுக்கு வாங்கும் முதல் அட்வான்ஸ்தான் பல குடும்பங்களுக்குக் கண்ணியாகிறது. ஆகவே பணத்தை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். யாரிடமாவது அட்வான்ஸ் கேட்டிருப்பதாகச் சொன்னால், அதை வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லாரும் வருவதில்லை.

உங்களில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு கட்டச் செங்கல் வாங்கப் போகிறீர்கள், நெல் அரைக்கப் போகிறீர்கள். அங்கே வெளியே போக அனுமதியில்லாத குடும்பத்தையோ, பள்ளி நேரத்தில் வேலை செய்யும் பிள்ளைகளையோ கண்டால், முதலாளியிடம் நேரே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அன்று இரவே அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இடம், எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, சப்-கலெக்டர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை 1098 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் சொல்லலாம். அப்படியே, உங்கள் மாவட்டத்தில் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அந்த மூன்று பேர் யார் என்றும் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு எனக்கு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஆயர்